பதினைந்தாம் தேதிக்கு முன்பே

"மாசம் ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடப் போகிறார்கள்?"

குடும்பத் தலைவிகளுக்குத் தமிழக அரசு தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று, சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் உள்ள தொப்பூரில் முதலமைச்சர் தொடங்கி வைத்தபோது பலரும் கேட்ட கேள்வி இது. இன்றும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் அநேகம் பேருக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குப் போட்டுக் குடித்தனம் நடத்த வேண்டிய நிலை வந்ததில்லை.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில், ஓமலூர், சங்ககிரி, ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் ஒவ்வொரு வீட்டிலும் தயாராக இருக்கிறது. பதினைந்தாம் தேதி பணம் வங்கியில் ஏறுவதற்கு முன்பே அது எதற்கு என்று முடிவாகிவிடுகிறது. சிலிண்டர் மாற்றும் மாதமென்றால் பெரும்பகுதி அதற்கே சரியாகிவிடும். இல்லாவிட்டால் மளிகைக் கடைப் பாக்கி, பிள்ளையின் பள்ளி வேன் கட்டணம், மாமியாருக்குக் கண் பார்க்கப் போய்வரும் செலவு. இதிலெல்லாம் போகாமல் தப்புகிற மாதங்களில் சீட்டு.

இந்தச் சமவெளியின் வருமானம் எப்படி வருகிறது என்று பார்த்தால்தான் அந்த ஆயிரத்தின் பெறுமானம் தெரியும். குச்சிக்கிழங்கு போட்டவருக்கு ஒன்பது, பத்து மாதம் கழித்துத்தான் காசு. அதுவும் சேகோ ஆலை அன்றைக்கு என்ன விலை சொல்கிறதோ அந்த விலைக்கு. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுபவருக்கு வாரக் கூலி. நூல் விலை ஏறினால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். சேலத்தில் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போகிறவருக்கு, வெள்ளி விலை எகிறி ஆர்டர் குறைந்தால் கையில் வேலை இல்லை. லாரிக்குப் போனவர் எப்போது திரும்புவார், எவ்வளவு கொண்டுவருவார் என்பது லோடைப் பொறுத்தது. நூறு நாள் வேலைக் கூலியாவது நேரத்துக்கு வருமா என்றால், 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாதக் கணக்கில் நிலுவையில் கிடந்ததைத் தமிழகமே பார்த்தது. இத்தனைக்கும் நடுவில், தேதி சொல்லி வருகிற பணம் இந்த ஒன்றுதான். தொகை சிறியது, உண்மை. ஆனால் தேதி தெரிந்த பணத்தை வைத்துத்தான் திட்டம் போட முடியும்.

சீட்டு அப்படிப் பிறக்கிற திட்டம். ஒரு தெருவில் இருபது பெண்கள் சேர்ந்து ஆளுக்கு ஆயிரம் போட்டால் மாதம் ஒருத்தி கையில் இருபதாயிரம் விழுகிறது. ஆயிரத்தால் ஆகாத காரியம் இருபதாயிரத்தால் ஆகும். மேச்சேரி ஆட்டில் ஒரு பெட்டை பிடிக்கலாம். தையல் மிஷின் வாங்கலாம். அடகில் இருக்கும் தோட்டை வட்டி பெருகுவதற்குள் மீட்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்காமல் இருக்கலாம். அரசு மாதாமாதம் கொடுக்கிற சிறு தொகையை இவர்களே மொத்தப் பணமாக மாற்றிக்கொள்கிறார்கள். எந்த அதிகாரியும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த மண்ணுக்கு அதில் பழக்கம் உண்டு. மகளிர் சுய உதவிக்குழு என்ற ஏற்பாடு தமிழகத்தில் முதன்முதலாகத் தொடங்கியதே 1989-இல் தருமபுரி மாவட்டத்தில்தான். அடுத்த சில ஆண்டுகளில், நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்துக்கு அது வந்துவிட்டது. அன்று குழுவில் சேர்ந்தவர்களின் மகள்களும் மருமகள்களும்தான் இன்று இந்தத் தொகையை வாங்குகிறார்கள்.

கென்யாவிலும் இதே கதை நடந்திருப்பது நமக்கு வியப்பாக இருந்தது. அங்கே 'கிவ்டைரக்ட்லி' என்ற அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனை எதுவும் இல்லாமல் பணம் கொடுத்தது. 2011 முதல் 2013 வரை நடந்த முதல் ஆய்வில், மாதாமாதம் வாங்கிய வீடுகளில் சாப்பாட்டுக் கஷ்டம் குறைந்தது. மொத்தமாக வாங்கிய வீடுகள் கூரைக்குத் தகரம் போட்டன. பிறகு சில கிராமங்களுக்கு இரண்டு ஆண்டும், வேறு சில கிராமங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டும் மாதப் பணம் தருவதாக உறுதி சொன்னார்கள். நெடுங்காலம் வரும் என்று தெரிந்தவர்கள் நம் ஊர்ச் சீட்டைப் போலவே தங்களுக்குள் சேர்ந்து சுழற்சியில் மொத்தப் பணம் எடுத்து, கடையும் தொழிலும் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டு என்று தெரிந்தவர்களிடம் அந்தத் தெம்பு குறைவாக இருந்தது. இரு தரப்பும் மாதம் வாங்கிய தொகை ஒன்றுதான். எத்தனை காலம் வரும் என்ற நிச்சயம்தான் வேறு.

குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2014-இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நேரடிப் பணம் கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாக அவர்கள் காணவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2011-இல் தொடங்கி, சேவா அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து கிராமத்தார் எல்லோருக்கும் மாதப் பணம் கொடுத்துப் பார்த்தன. அங்கேயும் பணம் தானியத்துக்கும் ஆடு மாட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும்தான் போனது. உரிமைத் தொகையோ பெண்ணின் பெயரில், அவள் வங்கிக் கணக்கில் வருகிறது. அதைப் பிடுங்கிக் குடிக்கிற கணவன் எங்குமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அவனுக்காக ஒன்றேகால் கோடிக்கும் மேற்பட்ட பெண்களைச் சந்தேகப்படுவது தகாது.

நமக்குக் கவலையெல்லாம் அவளிடம் வந்து சேரும் முன்பே அந்தப் பணத்தின் மீது விழுகிற வேறு கைகளைப் பற்றித்தான். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கிய அதே மாதத்தில், சில வங்கிகள் பழைய கடனுக்கும் குறைந்தபட்ச இருப்புக்கும் என்று அந்த ஆயிரத்தில் கை வைத்தன. தமிழக நிதியமைச்சர் தலையிட்டு வங்கிகளை எச்சரிக்க வேண்டியிருந்தது. முதல் மாதத் தொகை எதற்கு என்று பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டிருந்தவளுக்குப் பணம் வந்ததும் போனதும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

அதைவிடப் பெரிய கை, வாரத் தவணைக்கு வீடு தேடி வரும் நுண்கடன். ஒரு வீட்டில் இரண்டு, மூன்று குழுக் கடன் என்பது இந்தப் பக்கம் புதிதல்ல. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்ற கொடுமை வெளியே வந்தது. உடம்பின் உறுப்பை விற்றுத் தவணை கட்டுகிற ஊரில், மாதம் ஆயிரம் நிச்சயமாக வரும் என்பது கடன் கொடுப்பவருக்கும் தெரியும். அந்த ஆயிரத்தையும் வருமானத்தில் சேர்த்து இன்னொரு கடனைத் தலையில் கட்டினால் அவள் போட்ட திட்டம் எல்லாம் அன்றோடு முடிந்தது. உரிமைத் தொகையை வருமானமாகக் கணக்கிட்டுக் கடன் கொடுப்பதற்குத் தடை வேண்டும். சட்டத்தில் இதைச் சேர்ப்பது அரசுக்குப் பெரிய காரியமல்ல.

சீட்டிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. தெருவுக்குள், முகம் தெரிந்தவர்களுக்குள் நடக்கும் சீட்டு வேறு. தீபாவளிச் சீட்டு என்று ஊர் முழுக்கப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு ஓடுகிறவர்கள் வேறு. முதலீட்டாளர் நலன் காக்க 1997-லேயே இங்கே சட்டம் வந்தும், ஏமாந்தவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பது ஓயவில்லை. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் ஆயிரம் போட்டால், 6.7 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு முடிவில் சுமார் 71 ஆயிரம் கிடைக்கும். மகள் பெயரில் செல்வமகள் கணக்கென்றால் வட்டி இன்னும் கூட. இதைத் தபால்காரரும் கூட்டுறவுக் கடன் சங்கச் செயலரும் மாதத்தில் ஒரு நாள் ஊருக்குள் வந்து, ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்து, அங்கேயே கணக்குத் தொடங்கிக் கொடுக்கலாம். மாதம் முந்நூறு, ஐந்நூறு மிச்சம் பிடிக்க முடிகிற பெண்கள் பலர் இருக்கிறார்கள். போட்டு வைக்க நம்பிக்கையான இடம் பக்கத்தில் இல்லாததுதான் குறை.

விடுபட்டவர்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் விண்ணப்பித்தவர்கள் 1.63 கோடி; கிடைத்தது 1.06 கோடிப் பேருக்கு. 2025 டிசம்பர் 12 அன்று சுமார் 17 லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, இடையில் சேர்ந்தவர்களோடு மொத்தம் 1.30 கோடியானது. சில விதிகளைத் தளர்த்தியது நல்ல காரியம். ஆனால் சொந்தமாகக் கனரக வாகனம் இருந்தால் தகுதி இல்லை என்ற விதி சங்ககிரிக்கும் நாமக்கல்லுக்கும் பொருந்தவில்லை. இருபது வருஷம் டிரைவராக ஓட்டிவிட்டு, பைனான்ஸில் ஒரு பழைய லாரியை வாங்கியவர் ஏட்டில் வாகன உரிமையாளர். டீசல், சுங்கம், டயர், இன்சூரன்ஸ், தவணை எல்லாம் போக அவர் வீட்டுக்குக் கொடுப்பது, முன்பு வாங்கிய டிரைவர் சம்பளத்தை விடக் குறைவாக இருக்கிற மாதங்கள் உண்டு. அவர் மனைவிக்குத் தொகை இல்லை. அதேபோல ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்ற அளவு, ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரிகிற கூட்டு வீடுகளை வெளியே தள்ளிவிடுகிறது. கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பது விதி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய், மனு எழுத ஆள் தேடும் பெண்ணுக்கு அந்த வழி எளிதல்ல. வண்டியின் பெயரைப் பார்க்காமல், அதன் வயதையும் அதன் மேல் உள்ள கடனையும் பார்த்து வட்டாட்சியரே முடிவு செய்யட்டும்.

இன்னொன்றும் கேட்கிறோம். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது; நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. குத்தகைக்கு ஓட்டுபவருக்கும் பட்டாவில் பெயர் இல்லாத பெண்ணுக்கும் அதில் பங்கு கிடையாது. அந்தக் குறை இல்லாத உரிமைத் தொகையில், எப்போது வாங்குவது என்ற முடிவையும் அவளிடமே கொடுத்தால் என்ன? மாதாமாதம் வேண்டும் என்பவர்கள் இன்று போலவே வாங்கட்டும். சாப்பாட்டுக்கே அதை நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். ஆனால் பன்னிரண்டாயிரத்தையும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் ஜூனில் கேட்பவளுக்கு ஜூனில் கிடைக்க வேண்டும். ஆடிப் பட்டத்துக்கு விதையும் உழவு கூலியும் வேண்டும் என்பவளுக்கு ஆடியில் கொடுக்கலாம். இதற்குக் கூடுதல் நிதி வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தில் எந்த மாதம் என்று எழுத ஒரு கட்டமும், வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றிக்கொள்ள ரேஷன் கடையில் ஒரு வழியும் இருந்தால் போதும். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களில் மட்டுமாவது ஓராண்டு நடத்திப் பார்க்கலாம்.