பொஸ்பரஸின் சாட்சியமும் புலம்பெயர் தமிழரின் கடமையும்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் நெருங்குகையில், எரிகாயம் பட்ட உடல்களின் நிழற்படங்கள் புலம்பெயர் தமிழர்களிடையே மீண்டும் சுற்றத் தொடங்குகின்றன. அவற்றின் கீழே 'இரசாயன ஆயுதம்' என்ற சொற்கள் எழுதப்படுகின்றன. கூட்டங்களிலும் அவையே முழங்கப்படுகின்றன. ஆனால் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பல்கலைக்கழகத்தில் பயிலும் தமிழ் இளைஞர் ஒருவரிடம், "எந்த இரசாயனம்? எவ்வாறு தெரியும்?" என்று வேற்றினத்து நண்பர் கேட்டால் அவர் தடுமாறுகின்றார். அந்தத் தடுமாற்றம் அவரது குற்றமன்று. வலியைச் சொல்லக் கற்றுக்கொடுத்த சமூகம் சான்றைச் சேர்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே கசப்பான உண்மை.

இதன் விலை என்ன என்பதை 2011 ஆம் ஆண்டு உலகம் கண்டது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, வன்னிப் போரின் இறுதி மாதங்கள் பற்றிய தனது அறிக்கையில் பொதுமக்கள் மீதான எறிகணை வீச்சுக் குறித்து விரிவாக எழுதியது. ஆயினும் வெள்ளைப் பொஸ்பரஸ், கொத்துக்குண்டு ஆகியன பாவிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டுக்களின் நம்பகத்தன்மை பற்றி ஒரு முடிவுக்கு வர இயலவில்லை என்றே அது பதிவு செய்தது. இலங்கை அரசு அக்குற்றச்சாட்டுக்களை மறுத்திருந்தது. சாட்சிகள் இருந்தனர், ஆய்வுகூட முடிவு இருக்கவில்லை.

இதே நிலையில் நின்ற இன்னொரு மக்களின் வரலாறு இங்கு கவனத்துக்குரியது. 1988 ஆகஸ்ட் 25 அன்று வட ஈராக்கின் பிர்ஜின்னி என்னும் குர்துக் கிராமத்தின் மீது விமானங்கள் குண்டு வீசின. அந்நாட்களில் உயிர் தப்பித் துருக்கிக்குள் ஓடிய குர்துகள் நச்சுவாயு பற்றி அன்றே கூறினர். ஈராக் மறுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1992 இல், மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் அமைப்பும் மிடில் ஈஸ்ட் வோட்ச் அமைப்பும் அனுப்பிய தடயவியல் குழு அக்கிராமத்தின் குண்டுக் குழிகளிலிருந்து மண்ணையும் உலோகத் துண்டுகளையும் எடுத்தது. அவை பிரித்தானியாவின் போர்ட்டன் டவுன் ஆய்வுகூடத்துக்குச் சென்றன.

சரின் என்பது பொஸ்பரஸைக் கொண்ட ஒரு நரம்பு நஞ்சு. ஈரம் பட்டால் அது விரைவில் சிதைந்துவிடும். ஆனால் அதன் மூலக்கூறில் பொஸ்பரஸ் அணுவுக்கும் காபன் அணுவுக்கும் இடையிலுள்ள பிணைப்பு எளிதில் அறுவதில்லை. சரின் முதலில் ஐசோபுரொப்பைல் மெதைல்பொஸ்போனிக் அமிலமாகவும், பின்னர் மெதைல்பொஸ்போனிக் அமிலமாகவும் மாறி மண்ணில் தங்குகின்றது. இவற்றுள் முதலாவது, சரினுக்கே உரிய கைரேகை போன்றது. வாயு நிறப்பிரிகையும் திணிவு நிறமாலைமானியும் கொண்டு ஆராய்ந்தபோது ஆறு மண் மாதிரிகளில் இவ்வமிலங்கள் அகப்பட்டன. வர்ணம் பூசப்பட்ட ஓர் உலோகத் துண்டில் சிதையாத சரினே மிகச் சிறிதளவில் எஞ்சியிருந்தது. நான்கு ஆண்டு மழையும் வெயிலும் அழிக்காத சாட்சியம் அது. 2006 இல் பாக்தாத்தில் நடந்த அன்பால் வழக்கில், அக்குழுவைச் சேர்ந்த தடயவியல் மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ அதனை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்.

வெள்ளைப் பொஸ்பரஸின் கதை வேறு. நான்கு பொஸ்பரஸ் அணுக்கள் இணைந்த இம்மூலகம் ஏறத்தாழ 30 பாகை வெப்பத்திலேயே காற்றில் தானாகத் தீப்பற்றி, அடர்ந்த வெண்புகையாகி, ஈரத்தை உறிஞ்சிப் பொஸ்போரிக் அமிலமாகின்றது. மண்ணில் அது வெறும் பொஸ்பேற்றாக முடிகின்றது. பொஸ்பேற்றோ உரத்திலும் உண்டு, எலும்பிலும் உண்டு. பாடசாலை ஆய்வுகூடத்தில் அமோனியம் மொலிப்டேற்றைக் கொண்டு மண்ணில் பொஸ்பேற்றைக் காட்டிவிடலாம். அது எதையும் நிரூபிக்காது. எரிகாயத்தின் தோற்றம் மட்டும் போதும் என்று எண்ணுவதும் தவறு. அத்துடன், இரசாயன ஆயுத உடன்படிக்கையின் நச்சுப் பட்டியல்களில் சரின் உண்டு; வெள்ளைப் பொஸ்பரஸ் இல்லை. அதன் தீயினால் விளையும் கேடு எரியூட்டும் ஆயுதங்கள் பற்றிய சட்டத்தின் கீழும், பொதுமக்களைப் பாதுகாக்கும் போர் விதிகளின் கீழுமே வாதிடப்படுகின்றது. இந்த வேறுபாட்டை அறியாமல் முழங்கும் ஒவ்வொரு முழக்கமும் மறுப்பவருக்கே ஆயுதமாகின்றது.

அப்படியானால் எரிந்தது எரிந்ததுதானா? இல்லை. அமெரிக்காவின் அலாஸ்காவில் ஈகிள் ரிவர் பிளாற்ஸ் என்ற சதுப்பு நிலம் இராணுவத்தின் எறிகணைப் பயிற்சித் திடலாக இருந்தது. அங்கு ஆண்டுதோறும் நீர்ப்பறவைகள் பெருந்தொகையில் மடிந்தன. எரியாத வெள்ளைப் பொஸ்பரஸ் துணுக்குகள் நீரின் கீழ்ச் சேற்றில், காற்றுப் படாமல் கிடந்தமையே காரணம் என 1990 களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. சேற்றிலிருந்து கரைப்பானால் பிரித்தெடுத்து, வாயு நிறப்பிரிகையால் அத்தனிமத்தையே அடையாளம் கண்டனர். ஆகவே களப்பும் சேறும் நிறைந்த ஒரு நிலத்தில் எதுவும் எஞ்சியிராது என்று எவரும் ஆராயாமல் கூற முடியாது. எஞ்சியிருக்கின்றது என்றும் ஆராயாமல் கூற முடியாது.

பொருட்சான்று கையில் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு 2009 ஆம் ஆண்டின் காசாவே எடுத்துக்காட்டு. ஹியூமன் றைட்ஸ் வோட்ச் ஆய்வாளர்கள் அங்கு வெற்று எறிகணை உறைகளையும், வெள்ளைப் பொஸ்பரஸ் தோய்ந்த கம்பளித் துண்டுகளையும் நேரில் கண்டெடுத்தனர். 155 மில்லிமீற்றர் எறிகணை ஒன்றில் அத்தகைய 116 துண்டுகள் இருக்கும். முதலில் மறுத்த இஸ்ரேல் பின்னர் பாவனையை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு வன்னிக்குள் சுயாதீன ஆய்வாளர் எவரும் செல்ல இயலவில்லை.

"வல்லரசுகள் நலன் பார்த்தே நீதி வழங்கும், ஆய்வுகூடத்தால் என்ன பயன்?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பிர்ஜின்னியின் மண் நீதிமன்றம் ஏறப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. ஆயினும் நீதிமன்றம் கூடிய நாளில் மண் ஆயத்தமாக இருந்தது. கதவு திறக்கும் நாளில் வெறுங்கையுடன் நிற்பவரை எவர் மதிப்பார்?

எனவே பெற்றோருக்கு ஒரு கடமை உண்டு. போர்க்காலத்து உடை, மருத்துவக் குறிப்பு, அறுவைச் சிகிச்சையில் உடலிலிருந்து எடுக்கப்பட்ட உலோகத் துண்டு ஆகியவற்றை எறிந்துவிடலாகாது. உடையைத் துவைக்காமல், துண்டைத் துடைக்காமல், தனித்தனியே பொதிந்து, யாருடையது, எங்கே, எப்போது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதை எழுதி வைத்தல் வேண்டும். கைமாறிய வரிசை அறுந்தால் சான்றும் அறுந்துவிடும். ஊர் செல்வோர் வெடிக்காத பொருள் எதனையும் தொடுதல் கூடாது. கண்ட இடத்தைக் குறித்து உரியோருக்கு அறிவித்தலே போதும்.

இளையோருக்கும் ஒரு கடமை உண்டு. இரசாயனவியல் மருத்துவபீடத்துக்கு ஏறும் படிக்கட்டு மட்டுமே என்ற எண்ணம் தமிழ் வீடுகளில் வேரூன்றிப் போயிற்று. பகுப்பாய்வு இரசாயனமும் தடயவியலும் கற்ற பத்துப் பேர், ஆயிரம் பதாகைகளால் இயலாததைச் செய்யக்கூடும். முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தாலும் அதனை ஏற்கும் நேர்மையும் அவர்களுக்கு வேண்டும். அந்த நேர்மை இருந்தால்தான், முடிவு சாதகமாக வரும் நாளில் உலகம் அவர்களை நம்பும்.