டிஸ்சார்ஜ் புத்தகம் வேதமல்ல

“டிஸ்சார்ஜ் ஆகி வந்தாச்சுங்க. இனிமே அதுல ஒரு புள்ளிகூட மாத்த முடியாதுங்க.”

பழனி அடிவாரத்து ஆயக்குடியிலும் நெய்க்காரப்பட்டியிலும், மலைமேல் பூம்பாறையிலும் மன்னவனூரிலும், ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்றே அடையாளம் சொல்லப்படும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆவணப் பிழை பற்றிப் பேச்செடுத்தால், இந்தப் பதில்தான் முதலில் வரும். சொல்பவர் குரலில் கோபம்கூட இருக்காது. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொல்வார். எல்லையில் நின்ற மனிதர், ஒரு குமாஸ்தாவின் கையெழுத்துக்கு முன்னால் இப்படி அடங்கிப் போவதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

இந்த நம்பிக்கைக்குள் மூன்று எண்ணங்கள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. ராணுவ ஆவணத்தில் தப்பு இருக்காது என்பது ஒன்று. இருந்தாலும் ஓய்வுக்குப் பிறகு திருத்த வழியில்லை என்பது இன்னொன்று. விட்டுப்போன பதக்கத்தைக் கேட்டு அலைவது வீண் பெருமை என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. மூன்றும் சேர்ந்து குடும்பங்களுக்கு நிஜமான இழப்பை உண்டாக்குகின்றன.

படையிலிருந்து விலகும்போது கொடுக்கப்படும் அந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையே முதலில் கையில் எடுத்துப் பார்ப்போம். பீரோவின் உள்ளறையில், வீட்டுப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருப்பார்கள். பக்கங்களின் மடிப்பு விட்டுப் போயிருக்கும். ஆர்மி நம்பர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்தை, மனைவி மக்கள் பெயர், பெற்ற பதக்கங்கள் எனக் கட்டம் கட்டமாக நிரப்பப்பட்டிருக்கும். 1971 டிசம்பர் போரில் கிழக்கு முனையில் நின்ற ஒருவரின் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் போரின்போது பணியில் இருந்தவர்களுக்கான சங்க்ராம் பதக்கம் பதிவாகியிருக்கும். கிழக்குக் களத்துக்குரிய பூர்வி ஸ்டார் பதிவாகாமல் இருக்கும். தாளை நம்பினால் அவர் அந்தப் போரில் களத்துக்கே போகவில்லை.

இது எப்படி நேர்கிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஜவானின் வாழ்க்கையில் நடப்பதையெல்லாம் அவர் யூனிட் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவாக வெளியிடும். இடமாற்றம், திருமணம், குழந்தைப் பிறப்பு, பதக்கத் தகுதி எல்லாம் அதில்தான் வரும். அது ரெக்கார்டு ஆபீசுக்குப் போய் அவருடைய கோப்பில் ஏற வேண்டும். பட்டியல் தயாராகும் வாரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கலாம். பயிற்சிக்குப் போயிருக்கலாம். வேறு யூனிட்டோடு தற்காலிகமாக இணைக்கப்பட்டிருக்கலாம். பழைய யூனிட் ‘அவர் இங்கே இல்லை’ என்று விட்டுவிடும், புதிய யூனிட் ‘அப்போது அவர் எங்களோடு இல்லை’ என்று விட்டுவிடும். போர் முடிந்து யாரும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெயர்ப் பிழை இன்னும் சாதாரணம். பழனி என்ற ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளில் இந்த மலை ‘புல்னி’ என்றும் ‘பல்னி’ என்றும் எழுதப்பட்டது. இப்போதும் ஆங்கிலத்தில் மலைக்கு ஓர் எழுத்துக்கூட்டல், ஊருக்கு வேறொரு எழுத்துக்கூட்டல். நிலையாக நிற்கும் மலைக்கே இந்தக் கதி. பதினெட்டு வயதில் ஆள்சேர்ப்பு வரிசையில் நின்ற பழனிச்சாமியின் பெயர், ழகரத்தைக் கேட்டே பழகாத ஒருவரின் பேனாவில் என்ன பாடு பட்டிருக்கும்? ஆதாரில் ஒருவிதம், பென்ஷன் ஆணையில் ஒருவிதம், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வேறுவிதம். அப்பாவின் முன்னெழுத்து எங்கோ குடும்பப் பெயராக நீண்டிருக்கும். கணவர் இருக்கும்வரை இது யாரையும் உறுத்தாது. அவர் கண்ணை மூடிய பிறகு, ‘இந்தப் பழனியம்மாள்தான் அந்தப் பழனியம்மாளா’ என்ற கேள்வியோடு குடும்ப ஓய்வூதியம் நிற்கும். பிரயாக்ராஜிலிருந்து இயங்கும் ‘ஸ்பர்ஷ்’ ஓய்வூதிய முறையில் எல்லாமே கணினியில் ஒப்பிடப்படுகின்றன. ஓர் எழுத்து பிசகினாலும் அது மனித முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுக்காது.

ராணுவ ஆவணத்தில் தப்பே வராது என்பவர்கள் இரண்டு உதாரணங்களைப் பார்க்க வேண்டும். கார்கில் போரில் டைகர் ஹில் முகட்டில் 1999 ஜூலை 4-ம் தேதி பல குண்டுகளை உடலில் தாங்கியவர் கிரெனடியர் யோகேந்திர சிங் யாதவ். அவருக்குப் பரம் வீர் சக்ரா ‘மறைவுக்குப் பின்’ என்று அறிவிக்கப்பட்டது. அப்போது அவர் ஆஸ்பத்திரியில் உயிரோடு சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். இறந்தது அதே பெயர் கொண்ட வேறொரு வீரர். நாட்டின் ஆகப்பெரிய விருதிலேயே ஆள் மாறியது, பிறகு திருத்தப்பட்டது. அடுத்தவர் ராணுவத் தலைமைத் தளபதியாகவே இருந்த ஜெனரல் வி.கே.சிங். ராணுவத் தலைமையகத்தின் ஒரு கிளையில் அவர் பிறந்த ஆண்டு 1950, இன்னொரு கிளையில் 1951. இரண்டும் பல பத்தாண்டுகள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்தன. தளபதியின் கோப்பே இப்படி என்றால், சிப்பாயின் கோப்பு மட்டும் எப்படி அப்பழுக்கற்றதாக இருக்கும்?

வி.கே.சிங் 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார், சாதகமான தீர்ப்புக் கிடைக்காமல் மனுவைத் திரும்பப் பெற்றார். ‘பார்த்தீர்களா, தளபதியாலேயே மாற்ற முடியவில்லை’ என்று இதையே எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. இங்கேதான் நம்பிக்கையின் வேர் இருக்கிறது. ஓய்வுபெறும் தறுவாயில் பிறந்த தேதியை மாற்றக் கேட்பதை உரிமையாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒருவரின் வயது குறைந்தால் இன்னொருவரின் பதவி உயர்வு தள்ளிப்போகும். பிறந்த தேதிக்கென்று வந்த இந்தக் கண்டிப்பை, காயத்துக்கும் பதக்கத்துக்கும் பணியிடத்துக்கும் மனைவி பெயருக்கும் சேர்த்து விரித்துக்கொண்டது ஊர்ப்பேச்சு. விட்டுப்போன பூர்வி ஸ்டாரைப் பதிவு செய்வதால் யாருடைய பதவியும் பறிபோகாது.

திருத்தம் நடக்கும் என்பதற்குச் சாட்சி கார்கிலிலேயே இருக்கிறது. படாலிக் பகுதியில் 70-வது காலாட்படை பிரிகேடை நடத்தியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். தன் மேலதிகாரி எழுதிய அறிக்கையில் தன் பிரிகேடின் போர் தவறாகச் சித்திரிக்கப்பட்டிருக்கிறது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 2010 மே மாதம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. அந்த மதிப்பீடு பாரபட்சமானது என்றது, அதை நீக்கச் சொன்னது, போர் வரலாற்றில் அவர் பங்கைத் திருத்தி எழுதவும் உத்தரவிட்டது. அப்போது போர் முடிந்து பதினோரு ஆண்டு ஆகியிருந்தது.

அவர் பிரிகேடியர், சிப்பாய்க்கு இது நடக்குமா என்று கேட்கலாம். தரம்வீர் சிங் சிக்னல்ஸ் பிரிவில் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தவர். வலிப்பு நோயால் 1994-ல் வெளியே அனுப்பப்பட்டார். நோய் பணியால் வந்ததல்ல என்று ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சேரும்போது ஆவணத்தில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அது பணிக்காலத்தில் வந்தது என்றே கொள்ள வேண்டும், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, ஜவானுடையது அல்ல. ஆவணத்தின் மௌனத்தை ஜவானுக்குச் சாதகமாக நீதிமன்றம் வாசித்த இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு முன்னாள் படைவீரர் சங்கமும் தமிழில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்ட இன்னொரு படைவீரர் தர்செம் சிங்கின் வழக்கு அதற்கும் முந்தியது. 1983-ல் வெளியேறியவர், 1999-ல்தான் நீதிமன்றம் போனார். காலம் கடந்துவிட்டதால் நிலுவைத் தொகையை மூன்று ஆண்டுக்கு என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சுருக்கியது. ஆனால் மாதாமாதம் தொடரும் இழப்பு என்பதால் ஓய்வூதிய உரிமையைப் பறிக்கவில்லை. தாமதத்தால் பணம் குறையும், உரிமை அழியாது.

இனி மூன்றாவது எண்ணம். ‘பதக்கம் கெடக்குது விடுங்க, அதையா அடகு வைக்கப் போறோம்?’ என்பார்கள். பதக்கத்தோடு வரும் சொற்களின் விலை அவர்களுக்குத் தெரியவில்லை. பணியில் இறந்தவரின் மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் என்றால் கடைசிச் சம்பளத்தில் பொதுவாக 30 சதவீதம். பணியால் நேர்ந்த மரணம் என்று பதிவானால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். போரிலோ அதற்கு நிகரான நடவடிக்கையிலோ நேர்ந்த மரணம் என்று பதிவானால் கடைசிச் சம்பளம் முழுவதும். ஒரே மரணம், ஒரே வீடு, ஒரே பிள்ளைகள். மாறுவது கோப்பில் இருக்கும் ஒரு சொல். எந்தக் களத்தில், எந்த நடவடிக்கையில், எந்தத் தேதியில் இருந்தார் என்ற பதிவிலிருந்துதான் அந்தச் சொல் பிறக்கிறது. காயம்பட்டவருக்கும் இதே கணக்குதான்.

பணத்தை விடுங்கள், பெருமை தேடுவது தப்பா? கல்வான் எல்லை மோதலில் 2020 ஜூன் 15 இரவு உயிர்விட்ட ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டபோது, அதை அவர் மனைவி டெல்லியில் பெற்றுக்கொண்டார். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த எவரும் அதைத் தகரம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பேர் சொல்லப்பட்டவருக்கு இருக்கும் மரியாதை, பேர் விட்டுப்போனவருக்கும் உரியதுதான்.

தமிழ்நாட்டில் இன்னொரு தயக்கமும் உண்டு. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையில் இலங்கை போனவர்கள் அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை. அந்தப் படையை அனுப்பியது சரியா என்பதில் தமிழர்களுக்குக் கடுமையான கருத்துகள் உண்டு, அவற்றுக்குக் காரணமும் உண்டு. அந்த விவாதத்தை அனுப்பிய அரசோடு நடத்த வேண்டும். உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கப்பலேறிய ஜவானின் கோப்பில் ‘ஸ்ரீலங்கா’ பட்டையுள்ள சிறப்புச் சேவைப் பதக்கம் விடுபட்டிருந்தால், அதைக் கேட்பதில் அவர் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த நடவடிக்கையில் இந்தியப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்புக்கு அருகே அவர்கள் பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னம் இருக்கிறது.

ஆவணமே எரிந்துபோன நாடும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள படைவீரர் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12-ம் தேதி தீப்பிடித்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் சாம்பலாயின. ‘தாள் இல்லை, அதனால் நீ போரில் இல்லை’ என்று அந்த அரசு கைகழுவவில்லை. சம்பளப் பட்டியல், யூனிட்டின் அன்றாட ஆள்கணக்கு என்று வேறு ஏடுகளிலிருந்து பணி வரலாற்றை மீட்டெடுத்துக் கொடுத்தது. பிழை திருத்துவதற்கென்றே அங்கே ராணுவத்தில் தனி வாரியங்கள் உண்டு. அதற்கு வழிவகுத்த சட்டம் 1946-ல் வந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமும் முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, ஒருவேளை எந்த வகையிலுமே நினைவுகூரப்படவில்லை என்று 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறாண்டுக்குப் பிறகும் பட்டியலைத் திருத்தலாம்.

இங்கே தாமதிக்க முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. ஓய்வூதியம் இல்லாமல் விலகிய ஜவானின் கோப்பை ராணுவ விதிப்படி 25 ஆண்டு வரைதான் வைத்திருப்பார்கள். அதன்பின் ‘லாங் ரோல்’ என்ற சுருக்கப் பதிவேடுதான் மிஞ்சும். சாட்சி சொல்லக்கூடிய தோழர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

செய்ய வேண்டியது மலையேறுவது போன்ற காரியமில்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரரின் கோப்பு நீலகிரி வெலிங்டனிலுள்ள ரெக்கார்டு ஆபீசில் இருக்கும். பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. ஆர்மி நம்பரைப் போட்டு, எந்தக் கட்டத்தில் என்ன விடுபட்டது என்று ஒரே ஒரு பிழையைத் தெளிவாக எழுதி, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலோடு அந்த ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, பயண உத்தரவு, அந்தக் காலத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் தபால் முத்திரை, உடன் இருந்தவரின் உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் ஆதாரம். தன் கோப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மனுவை முறைப்படி அனுப்பித் தரும். மறுப்பு வந்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. இப்படித் திறந்துவிட்டால் போலிகள் நுழைவார்கள் என்பவர்களுக்கும் இந்த நடைமுறையிலேயே பதில் உள்ளது: ஆதாரம் கேட்டு, சரிபார்த்து, அதன்பிறகே திருத்துகிறார்கள். போலிக்குத்தான் அந்தச் சோதனை பயம்.

கொடைக்கானலில் காலை நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் கூடும் கோக்கர்ஸ் வாக், 1872-ல் அதை அமைத்த லெப்டினன்ட் கோக்கர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் பெயரை இன்னும் சுமக்கிறது. அந்த மலையிலேயே பிறந்து நாட்டின் எல்லையில் நின்றவருக்குத் தெருவின் பெயர் வேண்டாம், தன் கோப்பில் தன் பெயரும் தான் நின்ற களமும் சரியாக இருந்தால் போதும். மன்னவனூர் முதியவர் திண்டுக்கல் அலுவலகத்துக்கு வர, முதலில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கொடைக்கானலை அடைய வேண்டும், பிறகு தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கீழே இறங்க வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 7-ம் தேதி கொடிநாளில் முன்னாள் படைவீரர்களை அழைத்து மரியாதை செய்கிறார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் பழனியிலும் ஒரு நாள் கொடைக்கானலிலும் ஒரு மேசை, ஒரு நகல் எடுக்கும் இயந்திரம், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்த ஒருவர் என்று மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள், விடுபட்டதை அங்கேயே எழுதி அனுப்புகிறோம் என்று தண்டோராப் போட்டுச் சொல்லட்டும். பீரோவில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு பேரனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவார்கள்.