இல்லமும் கருவியும்: படங்கள் தோன்றாவிடில்



சென்ற ஆண்டு ஊரில் நம் அன்னையார் காலமானார். விடுப்புப் பெற்று நாம் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் தம் படங்கள் ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மட்டுமே இருந்தன. அதனை யூ.எஸ்.பி. கம்பியால் நம் லினக்ஸ் கணினியுடன் இணைத்தபோது, கைப்பேசியின் பெயர் தோன்றிற்று, உள்ளே ஒன்றுமில்லை! "எல்லாம் அழிந்திருக்கும், ஃபார்மட் செய்துவிடலாம்" என்றார் கடைக்காரர் ஒருவர். நல்லவேளையாக நாம் இசையவில்லை.

இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பொதுமக்கள் கிடங்கினுள் நுழைதல் இயலாது. எழுத்தரே சரக்கை எடுத்துத் தருவார். ஆண்ட்ராய்டும் அத்தகையதே. பென் டிரைவைப் போலத் தன் கிடங்கைக் கணினியிடம் ஒப்படையாமல், எம்.டி.பி. என்னும் முறையில், கேட்ட கோப்பைத் தானே எடுத்து நீட்டுகிறது. திரை பூட்டியிருப்பின் சாளரம் மூடியிருக்கிறது என்பதே பொருள். சரக்கு போய்விட்டது என்பதன்று.

ஆகவே முதலில் திரைப்பூட்டைத் திறந்து, அறிவிப்பில் 'சார்ஜ் மட்டும்' என்பதை விடுத்து, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்க. பெயரே தோன்றாவிடில் கம்பியை மாற்றுக. சில கம்பிகளில் மின்சாரத்திற்குரிய இழைகளேயன்றித் தகவலுக்குரியவை இரா. டெர்மினலில் 'எல்.எஸ்.யூ.எஸ்.பி.' என்னும் ஆணையை இட்டால், கணினி கைப்பேசியைக் கண்டுகொண்டதா என்பது விளங்கும். 'திறக்க இயலவில்லை' என்று வருமாயின், தானே திறந்துகொண்ட படச் செயலிகளை மூடுக. ஒரு சாளரத்தில் ஒருவர்க்கே இடமுண்டு. ஆயிரம் படங்களை ஒருசேர இழுக்காது, சிறுகச் சிறுக நகலெடுக்க.

மெமரி கார்டில் உள்ள அதே கோப்பு மீண்டும் மீண்டும் பிழை காட்டினால், கார்டே பழுதுற்றிருக்கலாம். கைப்பேசியை அணைத்து, கார்டை எடுத்து, ரீடரில் இடுக. அதில் புதிதாக எதுவும் எழுதற்க, ஃபார்மட் செய்யற்க. 'டிடிரெஸ்க்யூ' என்னும் நிரலால் முழு நகல் எடுத்து, அந்நகலிலேயே மீட்புப் பணியைத் தொடங்குக.

நம் வீட்டில் குற்றம், பூட்டிய திரையும் தளர்ந்த கம்பியுமே. இரண்டு படங்கள் நீங்கலாக யாவும் மீண்டன. அவற்றுள் ஒன்றில் அன்னையார் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். அதனைக் கண்ட நம் இளைய மகள், "பாட்டி நம்மைப் பார்க்கவில்லையே, கீரையைத்தானே பார்க்கிறாள்" என்றாள்.

இன்றே உங்கள் படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். பழுதுபார்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.