பூச்சன்று, அடித்தளம்

வீடு கட்டுவோர், சுவர் எழுப்பிக் கூரையும் வேய்ந்த பின்னர் அடுக்களை எங்கே அமைய வேண்டும் என்று வினவுவதில்லை. குடியிருப்போர் எத்தனை பேர், முதியோர் உளரா, காற்று எப்பக்கம் வீசும் என்பனவற்றை அறிந்த பின்னரே மனையில் கயிறு பிடிப்பர். செயலிகளையும் இணையதளங்களையும் உருவாக்குவோர் பலர் இம்முறையைத் தலைகீழாக்கிவிடுகின்றனர். நிரல் முழுவதையும் எழுதி முடித்த பின்னரே வடிவமைப்பாளரை அழைத்து, வண்ணத்தையும் எழுத்துருவையும் சீர்செய்யச் சொல்கின்றனர். அடித்தளம் இட வேண்டியவரை வெள்ளையடிக்க அழைப்பது போன்றது இது.

பயனர் அனுபவ வடிவமைப்பாளரின் பணி அழகூட்டல் மட்டுமன்று. பயன்படுத்துவோர் யார், எதனை நாடி வருகின்றனர், எவ்விடத்தில் தடுமாறுகின்றனர் என ஆராய்ந்து வழியமைப்பதே அவர்தம் முதற்கடமை. ஆகவே, எதனை உருவாக்குவது என்று முடிவெடுக்கும் அவையிலேயே அவருக்கு இருக்கை வேண்டும்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கையடக்கக் கணினி ஒன்றை உருவாக்க எண்ணியபோது முதலில் மின்சுற்றை வரையவில்லை. சட்டைப் பையில் அடங்குமாறு ஒரு மரத்துண்டைச் செதுக்கினார். அதனைப் பல நாள் உடன் கொண்டு சென்றார். சந்திப்புக்கு நாள் குறிக்க நேரும்போதெல்லாம் அதனை எடுத்து, எழுதுவது போல் செய்து பார்த்தார். எந்தச் செயல் அடிக்கடி தேவைப்படும், எது தேவையற்றது என்பதை அம்மரத்துண்டே கற்பித்தது. 1996இல் வெளிவந்த பாம் பைலட் கருவியின் வெற்றிக்கு அது வித்திட்டது.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்டது. முதல் நாளில் பதிவை நிறைவுசெய்தோர் அறுவர் மட்டுமே. காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று வழியமைப்பில் நேர்ந்த பிழை. காப்பீட்டின் விலையை அறிய வந்தோரும் முதலில் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. கடைக்குள் நுழையும் முன்பே முகவரியும் அடையாளமும் கேட்டால், வாயிலில் கூட்டம் தேங்காதிருக்குமா? கணக்கின்றியே விலையைப் பார்க்கும் வசதி பின்னரே சேர்க்கப்பட்டது.

தொடக்கத்திலேயே ஆய்வு மேற்கொண்டால் காலமும் பொருளும் வீணாகும் என்பர் சிலர். தாளில் வரைந்த கோட்டை ஒரு நொடியில் அழிக்கலாம். எழுதி முடித்த நிரலில் ஒரு படிநிலையை மாற்றினால், அதனோடு பிணைந்த பகுதிகள் அனைத்தையும் மாற்றிச் சோதிக்க வேண்டும். வீணாவது எது என்பதை இவ்வொப்பீடே காட்டும். அதேவேளையில், தொடக்கத்தில் ஒருமுறை அழைத்தால் மட்டும் போதாது. முதல் வரைவு பெரும்பாலும் பிழையுடையது. பயனரிடம் காட்டித் திருத்துவதும், திருத்தியதை மீண்டும் காட்டுவதும் இறுதிவரை தொடர வேண்டும்.

இது நிறுவனங்களின் வரவு செலவோடு முடியும் செய்தி அன்று. ஓய்வூதியமும் உதவித்தொகையும் மருத்துவமும் இன்று திரைவழியாகவே மக்களை அடைகின்றன. படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் திகைத்து நிற்கும் முதியவர், "எனக்குப் படிப்பறிவு போதவில்லை" என்று தம்மையே நொந்துகொண்டு திரும்புகிறார். அவருடைய கைவிரலின் நடுக்கத்தையும் கண்ணின் மங்கலையும் எவரும் முன்னரே எண்ணிப் பார்க்கவில்லை என்பதே உண்மை. குறை அவரிடம் இல்லை.

நாளை நிரல் எழுதப்போகும் இளையோர் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும். கணினியிடம் பேசக் கற்பதற்கு முன், அதனைப் பயன்படுத்தப்போகும் மனிதரிடம் பேசக் கற்க வேண்டும். முதல் வரி எழுதும் முன் அவருக்குச் செவிசாய்ப்பவரே மக்களுக்குப் பயன்படும் பொருளைப் படைப்பார்.