பாசம் இல்லைங்க, தேவை

சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரங்க ரெண்டு விதமா பேசுவாங்க. "கிராமத்துக்காரங்களுக்கு இயற்கை மேல தனிப் பாசம்" என்பார் ஒருத்தர். "உங்களுக்கு விழிப்புணர்வே இல்லை" என்பார் இன்னொருத்தர். ரெண்டும் சரியில்லை.

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணியை பாகூர் ஏரிக்குக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். அதை நம்பி நட்ட காலத்தில், வாய்க்கால் தூர்ந்தா எல்லார் வயலும் காயும். அதனால ஆளுக்கொரு மண்வெட்டியோட இறங்கினாங்க. பாசம் இல்லைங்க, தேவை. அப்புறம் போர் வந்தது. சுவிட்சைப் போட்டா தண்ணி. வாய்க்காலைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

1999-இல் ஐரோப்பிய யூனியன் நிதியுதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. ஏரிச் சங்கங்களும் அமைத்தார்கள். நல்ல வேலைதான். ஆனா போரை நம்பிப் பயிர் வைக்கிறவன் ஏரிச் சங்கக் கூட்டத்துக்கு எதுக்கு வருவான்?

எங்க பனித்திட்டு கடலோரம். பூமிக்கு அடியில் நல்ல தண்ணிதான் கடல் தண்ணியை உள்ளே விடாமத் தள்ளிப் பிடிச்சிருக்கு. அளவுக்கு மீறி உறிஞ்சினா உப்பு ஏறும். ஏறினா லேசில் இறங்காது. என் போர், உன் போர்னு சொன்னாலும் அடியில் தண்ணி ஒண்ணுதான். ஏரி நிறைஞ்சாதான் அது ஊறும்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனா நான் மட்டும் மோட்டாரை நிறுத்தினா என் பயிர்தான் காயும். அதனால ஏரிச் சங்கத்துக்கு மதகு மட்டும் போதாது. போர் எத்தனை மணி நேரம் ஓடணும், புது போர் எங்கே போடலாம்னு ஊர் கூடி முடிவு பண்ற உரிமையும் வேணும். எங்களுக்கு விழிப்புணர்வு போஸ்டர் அனுப்பறதை விட்டுட்டு, இதுக்குக் குரல் கொடுங்க.