பட்டணத்து வியாதியா?

மனச்சோர்வும் தனிமையும் பட்டணத்தார் தேடிக்கொண்ட வியாதிகள் என்றும், தெருவெல்லாம் பங்காளிகளும் திண்ணையெல்லாம் பேச்சுமாக வாழும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடியானவனை அவை அண்டா என்றும், மண்ணில் பாடுபடுகிறவன் படுத்ததும் தூங்கிவிடுவான் என்றும் ஓர் அபிப்பிராயம் படித்தவர்களிடம் மட்டுமின்றி அந்தக் குடியானவர்களிடமே வேரூன்றியிருக்கிறது. வெறும் அறியாமையானால் பொறுத்துக்கொள்ளலாம். உதவ வேண்டியவர்கள் ஒதுங்கிக்கொள்வதற்கு இது நல்ல சாக்காகவும் இருக்கிறதே!

வேலையில் துணையுண்டு என்பது பழைய கதை. மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்த நாளில் மாடு ஓட்ட ஒருவர், மடை திருப்ப ஒருவர் என ஆள் வேண்டியிருந்தது. இன்றோ மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுநிசியில் டார்ச்சு விளக்கோடு மோட்டார் கொட்டகைக்குப் போகிறவன் தனியாகவே போகிறான். நெல்லை இயந்திரம் அறுக்கிறது; பிள்ளைகள் சென்னைக்கும் ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். பழைய காலம் பொற்காலம் என்று வாதாட நான் வரவில்லை. அந்தக் கூட்டுறவில் சாதிக் கொடுமையும் அடிமைத்தனமும் கலந்திருந்தன என்பதை யார் மறுப்பார்?

வேலையில் தனியனானாலும் ஊருக்குள் துணையுண்டே என்பீர்கள். உண்மையில், சுற்றிலும் ஜனங்கள் இருப்பதே அவன் வாயைக் கட்டிவிடுகிறது. மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கு வாங்கிய கடனும், மகள் நகை அடகுக்குப் போன சங்கதியும் பங்காளிக்குத் தெரிந்தால் மானம் போகும், சம்பந்திக்குத் தெரிந்தால் பேச்சு வரும் என்று அஞ்சி, கேட்பவர்களுக்கெல்லாம் "நல்லாத்தான் இருக்கேன்" என்றே சொல்லித் திரிகிறான். அவன் மனைவியின் நிலையோ இதனினும் பரிதாபம்: நாளெல்லாம் உளுந்து பறித்தும் மல்லாட்டை ஆய்ந்தும் ஓய்கிறவளை, பட்டா அவள் பெயரில் இல்லாத ஒரே காரணத்தால், விவசாயி என்றுகூட யாரும் அழைப்பதில்லை; அவளுடைய துக்கத்தை யார் விசாரிப்பார்கள்?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது, மூழ்கிய நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. அது அவசியமே. ஆனால் பயிரை அளந்தவர்களில் எவரும் மனிதனை விசாரிக்கவில்லை. அதற்கான பத்தி சேதக் கணக்கெடுப்புப் படிவத்திலேயே கிடையாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த விவசாயத் துறையினர் 11,290 பேர். அவர்களில் நிலத்தில் பயிரிடுவோர் 5,207, கூலித் தொழிலாளர் 6,083. எந்த மரணமும் ஒற்றைக் காரணத்தால் நேர்வதன்று. எனினும், ஊர்ப்புறத்து வாழ்வே மனத்துக்குக் கவசம் என்பவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

விழுப்புரம் பக்கத்து முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல வைத்தியம் உண்டு. அங்கே போவதைப் பைத்தியப் பட்டமாகக் கருதுகிற மௌட்டீகமும் உண்டு. ஊரிலிருக்கும் தகப்பனாரிடம் மழையையும் விலையையும் மட்டும் விசாரித்துவிட்டு போனை வைத்துவிடும் பிள்ளைகள், இராத்திரி தூக்கம் வருகிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசுகிறது. அந்த எண்ணைக் கூட்டுறவுச் சங்கத்துச் சுவரிலும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து வாசலிலும், உரக்கடையிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.