மலைமேல் ஒரு துப்பாக்கி, அடிவாரத்தில் ஒரு வழக்கு

வான்சிறப்பு அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் குறளுக்கு வரும்போது பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அதில் 'துப்பாக்கி' என்ற சொல் வருகிறது. அங்கே அதற்கு உணவை உண்டாக்கி என்று பொருள். சுடுகருவிக்கு நாம் வழங்கும் சொல் துருக்கிய மொழியில் பிறந்து பல கை மாறி நம்மிடம் வந்தது என்று விளக்குவேன். சிரிப்பு அடங்கும், பாடம் நகரும். இந்த ஆண்டு கடைசி வரிசையில் ஒரு மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவர் அவர். (பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள்.) வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, வியாழக்கிழமை வர முடியாதுங்க. அப்பாவுக்கு வாய்தா" என்றார். என்ன வழக்கு என்று கேட்டேன். "துப்பாக்கிதாங்க" என்றார்.

அதே மாதத்தில்தான் நானும் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கைத்துப்பாக்கியால் சுட்டிருந்தேன் என்பதால் அந்தச் சொல் என்னைக் கொஞ்சம் உறுத்தியது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். அவர் ஆசைப்பட்டது இராணுவமும் காவல்துறையும் வைத்திருக்கும் 9 மி.மீ. வகைக்கு. அது தடை செய்யப்பட்ட குழல் அளவில் அடங்குவதால் நம்மைப் போன்ற சாதாரணக் குடிமக்களுக்குக் கிடைக்காது. ஆகவே சட்டம் அனுமதிக்கும் .32 அளவில், தோற்றத்தில் மட்டும் பட்டாளத்துக்காரன் இடுப்பில் இருப்பதைப் போன்ற ஒன்றை, ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கினார். "வாத்தியாரே, ஒருதடவை கையில பிடிச்சுப் பாருங்க" என்று துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனார்.

கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையில் .22 ரைபிளால் தரையில் படுத்துச் சுட்டிருக்கிறேன். அது வேறு, இது வேறு. நின்றபடி, கையை நீட்டி, மூச்சை அடக்கி விசையை அழுத்தினால் மணிக்கட்டு மேலே எகிறுகிறது. மேற்பகுதி பின்னால் போய்த் திரும்பும் கணத்தில் வெறும் தோட்டாக்கூடு வெளியே துள்ளி விழ, அடுத்த தோட்டா தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாம் செய்ய வேண்டியது மறுபடியும் விரலை அழுத்துவது மட்டுமே. பத்து முறை சுட்டேன். நான்குதான் அட்டையில் பட்டன. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அந்த அரைமணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. கையில் அந்தக் கனம் இருக்கும்வரை நானே கொஞ்சம் உயரமாகிவிட்டதுபோல் இருந்தது. அந்த உயரத்தைத்தான் நண்பர் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார் என்று திரும்பி வரும் வழியில் தோன்றியது.

கைத்துப்பாக்கிக்கு மனிதனைத் தவிர வேறு இலக்கு கிடையாது. குறுகிய குழல், மறைத்து எடுத்துச் செல்லும் வசதி, கிட்டத்தில் நிற்பவரை நோக்கி அடுத்தடுத்துச் சுடும் வேகம் எல்லாம் அதற்காகவே. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும், பிறகு தன்னையே சுட்டுக்கொண்டதும் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் கைத்துப்பாக்கியால். அவருக்குப் புதுச்சேரியில் சுடப் பழக்கியவர் என்று சொல்லப்படும் வ.வே.சு. ஐயரைத்தான் நாம் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவராக, தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாகப் பாடம் நடத்துகிறோம். அந்தச் செயலை எப்படி மதிப்பிட்டாலும் அந்தக் கருவி எதற்கானது என்பதில் யாருக்கும் மயக்கம் இருந்ததில்லை.

நிற்க. மாணவரின் தகப்பனாரிடம் பிடிபட்ட துப்பாக்கிக்கு வருவோம். அவருடைய பாட்டன் காலத்து ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கெட்டித்து, ஒருமுறை சுட்டபின் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மலைச்சரிவில் ஒன்றரை ஏக்கர். சாமையும் கேழ்வரகும் கதிர் பிடிக்கும் மாதங்களில் காட்டுப்பன்றிகள் இரவில் இறங்கிவிடும். ஒரே இரவில் ஓர் ஆண்டுச் சோறு போய்விடும். பரண்மேல் உட்கார்ந்து ஒரு வெடி வெடித்தால் அன்றைக்குத் தப்பிக்கலாம். உரிமம் கேட்டு இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தார்களாம். பதிலே வரவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டு, கூடினால் ஐந்து ஆண்டு. முன்பு அது ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை இருந்தது. வாய்தாவுக்கு வாய்தா இருபது கொண்டைஊசி வளைவுகள் இறங்கி, அடிவாரத்தில் பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை விட்டு அந்த மனிதர் நீதிமன்ற வாசலில் நிற்கிறார்.

இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதன் 13ஆம் பிரிவு எனக்கு வியப்பாக இருந்தது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி தேவைப்படும் குடிமகனுக்கு, அவரிடம் வேறு தகுதிக்குறை இல்லாவிடில், உரிமம் வழங்க வேண்டும் என்றே அது சொல்கிறது. கைத்துப்பாக்கி அந்த வரிசையில் இல்லை. அதைக் கேட்பவர் தக்க காரணம் காட்டி அதிகாரியை நிறைவு செய்ய வேண்டும். அதாவது, சட்டத்தின் பார்வையில் உழவனின் நாட்டுத் துப்பாக்கிக்கு முதலிடம், தோட்டக்காரரின் கைத்துப்பாக்கிக்கு இரண்டாம் இடம். நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். என் நண்பரால் தக்க காரணம் காட்ட முடிந்தது. ஏனெனில் அவருக்கு மனு எழுத வக்கீல் உண்டு, வருமானவரிக் கணக்கு உண்டு, தொலைபேசியில் பேச ஆள் உண்டு. சட்டம் யாருக்கு உரிமையாகக் கொடுத்ததோ அவருக்குப் பதில் கடிதம்கூட இல்லை.

இந்தத் தலைகீழ் வழக்கத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களின் கையிலிருந்த ஆயுதத்தைக் கட்டுப்படுத்தியது, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். அந்த மலையில் தோட்ட பங்களாவில் தொங்கிய துப்பாக்கி கௌரவமாகவும் குடிசையில் இருந்த துப்பாக்கி குற்றமாகவும் ஆனது. சட்டம் மாறியது, பங்களாவில் இருப்பவரின் நிறமும் மாறியது. ஆனால் இந்தப் பாகுபாடு மாறவில்லை. குடகு மக்களுக்கு அன்று கிடைத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019இல் மத்திய அரசு அதை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. குடகர்மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஒரு மலைச் சமூகத்தின் துப்பாக்கியை மரபு என்று ஏற்க அரசால் முடியும்போது, இன்னொரு மலையில் அதை விசாரித்துப் பார்க்கக்கூட ஏன் முடியவில்லை என்பதே கேள்வி.

மறுப்புகள் எனக்குத் தெரியாமல் இல்லை. நாட்டுத் துப்பாக்கியால் மானும் முயலும் வேட்டையாடப்படுகின்றன. இருட்டில் விலங்கென்று நினைத்து மனிதரைச் சுட்ட துயரங்களும் நடந்திருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி துப்பாக்கி உரிமம் இருந்தாலும் பன்றியைக் கொல்லும் உரிமை அதனோடு சேர்ந்து வந்துவிடாது. வெடித்து விரட்டலாம், அவ்வளவே. ஆயுதம் குறைந்த நாடுதான் நல்ல நாடு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் துப்பாக்கியைப் பறித்துவிட்டுப் பன்றியை அப்படியே விட்டால் என்ன நடக்கும்? அவுட்டுக்காய் வைப்பார்கள், திருட்டு மின்வேலி போடுவார்கள். 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் மாரண்டஅள்ளி அருகே வயலுக்குப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன, இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. துப்பாக்கி ஒருமுறை வெடித்து ஓயும். மின்கம்பி இரவு முழுவதும் யாருக்காகவும் காத்திருக்கும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம், ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டும் கூடாது. சமவெளி உழவருக்கு இது உதவக்கூடும். காட்டின் ஓரமே ஊராக இருக்கும் மலையாளி உழவருக்கு இதில் எதுவுமில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 13ஆம் பிரிவின்படி பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கேட்டு வரும் மனுக்களுக்கு, ஆமென்றோ இல்லையென்றோ, காரணத்தோடு எழுத்தில் பதில் வரவேண்டும். இல்லையென்றால் அழிந்த சாமைக்கு அந்தப் பருவத்திலேயே இழப்பீடு வரவேண்டும். கௌரவத்துக்காகக் கேட்கப்படும் கைத்துப்பாக்கி உரிமங்களை இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது. மலைக்கிராமத்தார் அஞ்சி, இரவோடு இரவாகச் சாலையோரத்தில் அவற்றைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படி ஓர் அழைப்பு, தேவையின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் கனவான்களுக்கு என்றைக்காவது விடப்பட்டதுண்டா?

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "வாத்தியாரே, நான் லைசென்ஸ் வச்சிருக்கேன், அவன் வச்சிருக்கல. அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு' எப்படி ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதைத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

மாணவர் அந்த வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தார். வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. விடுபட்ட குறள்களின் உரையைக் கேட்டு எழுதிக்கொண்டார். பன்றி இந்த வாரமும் இறங்கியதாம்.